கதவு எண் பெற்ற கணினி

கோவில்பட்டியில் ஒருங்கிணைந்த அனுமதி மையம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. பொதுமக்கள் அலுவலகம் அலுவலகமாக அலைவதைத் தடுக்கும் உயரிய நோக்கத்தோடு, எல்லா அலுவலகங்களையும் ஒரே கூடத்துக்குள் கொண்டுவந்து, உள்ளுக்குள்ளேயே அலைந்துகொள்ள வசதி செய்து கொடுத்திருந்தார்கள். வாசலில் 'ஒற்றைச் சாளரம்' என்று பெரிய பலகை. உள்ளே நுழைந்தால் ஏழு சாளரங்கள்.

அந்தக் கூடத்துக்குள் ஆனி மாதம் ஒரு காலையில் இந்துஜா நுழைந்தாள். அவள் துணி வெட்டுவதற்கு முன்பே உடுப்பைக் கணினியில் தைத்துக் காட்டுகிறவள். திரையில் ஒரு பொம்மைக்குக் கவுன் மாட்டி, சுருக்கம் எங்கே விழுகிறது, இடுப்பில் எங்கே பிடிக்கிறது என்று ஆட்டிக் காட்டிவிடுவாள். புதியம்புத்தூரில் ரெடிமேட் யூனிட் வைத்திருக்கும் கடற்கரை அண்ணாச்சி இதைப் பார்த்துவிட்டு, "தீபாவளிக்குச் சின்னப் பிள்ளைக கவுன் மாடல் எல்லாத்தையும் நீயே போட்டுரும்மா. ஆவணி பிறக்கயில பம்பாய் வியாபாரி வாராரு. எங்க யூனிட் டிவியில போட்டுக் காட்டணும்" என்று சொல்லியிருந்தார்.

இந்துஜாவின் பழைய லேப்டாப் கவுனுக்குக் கை வைக்கும் வரை தாங்கும். சுருக்கம் வைத்ததும் மூச்சுமுட்டி அணைந்துபோகும். அந்த வேலைக்குத் தோதான புது லேப்டாப்பின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. கடையில் பூட்டிக் கொடுக்கிற பெரிய சிபியு விலை கட்டும். ஆனால் அதை அவளுடைய ஸ்கூட்டரில் கட்டினால் குலுங்கியே கெட்டுப்போகும்; தூக்கிக்கொண்டு பசுவந்தனை வழியாகப் புதியம்புத்தூர் போகிற பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கேட்பார். அதனால், ஒரு கட்டைப்பைக்குள் அடங்குகிற சின்னக் கணினியை, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துத் தானே பூட்டுவது என்று முடிவு செய்தாள்.

"பத்து லிட்டர் கேபினெட் போதும்மா எனக்கு" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா வெயிலுகந்தம்மாள் தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவள். "லிட்டரா? கம்ப்யூட்டர் வாங்குதியா, மண்ணெண்ணெய் வாங்குதியா?"

"பெட்டிக்குள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு லிட்டர்லதாம்மா சொல்லுவாங்க."

"அப்போ நம்ம தண்ணிக்குடம் அதவிடப் பெருசுல்லா" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையோடு.

இந்தச் சின்னக் கணினி விஷயத்தில் உலகமெங்கும் ஒரு பக்தர் கூட்டம் உண்டு என்பதை இந்துஜா இணையத்தில் கண்டுகொண்டாள். பத்து லிட்டர்காரரை எட்டு லிட்டர்காரர் மதிப்பதில்லை. எட்டு லிட்டர்காரரை ஐந்து லிட்டர்காரர் மனிதராகவே கருதுவதில்லை. எல்லோரும் தங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டிச்செடியை வைத்துப் படம் போடுகிறார்கள். அந்தக் கணினியில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று இவள் ஒருவரிடம் கேட்டாள். இதைவிடச் சின்னக் கணினிக்குப் பாகம் தேடுகிறேன் என்று பதில் வந்தது. தன்னுடைய பெட்டிக்கு யோசனை கேட்டதற்கு, "கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிடுங்கள், இன்னும் சிறிதாகும்" என்றார் இன்னொருவர். கவுன் ஆட கிராபிக்ஸ் கார்டு வேண்டுமே என்றாள். கவுனை எடுத்துவிடலாமே என்றார் அவர்.

இவள் அந்தக் கூட்டத்தை விட்டு வெளியே வந்து, அம்மா கொண்டுவந்த தீப்பெட்டி அட்டையில் தானே ஒரு பெட்டி செய்தாள். மதர்போர்டு இந்த அளவு, மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். இந்த அளவு, கிராபிக்ஸ் கார்டு இவ்வளவு நீளம் என்று எல்லாவற்றையும் அட்டையில் வெட்டி, டெய்லர் டேப்பால் அளந்து உள்ளே அடுக்கிப் பார்த்தாள். நீளமான கார்டு இடித்தது; இரண்டு ஃபேன் உள்ள குட்டைக் கார்டாக மாற்றினாள். வழக்கமான எஸ்.எம்.பி.எஸ். நுழையவில்லை, சின்னதாகத் தேடிப் பிடித்தாள். கடைசியில் எல்லாம் அடங்கியது. பாகங்கள் வாங்க உதவி கேட்டு, மகளிர் சிறு தன்முயற்சித் திட்டத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினாள். பொருள் என்கிற இடத்தில், சின்ன வடிவக் கணினி என்ற அர்த்தத்தில், 'ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர் பிசி, முதல் பில்டு' என்று தமிழ் எழுத்திலேயே எழுதினாள்.

அங்கேதான் தொடங்கியது.

அனுமதி மையத்தில் எந்த விண்ணப்பமும் பிறமொழிச் சொல்லோடு உள்ளே போகக் கூடாது என்று சுற்றறிக்கை. முதல் சாளரத்தில் இருந்தவர் அகராதியைப் புரட்டி அதை முறைப்படி தமிழாக்கினார். ஃபார்ம் என்றால் பண்ணை. ஃபேக்டர் என்றால் காரணி. பில்டு என்றால் கட்டுமானம். 'சிறு பண்ணைக் காரணிக் கணினி, முதல் கட்டுமானம்' என்று முத்திரை விழுந்தது.

பண்ணை என்று இருந்ததால் வேளாண்மைச் சாளரத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே சிட்டா, அடங்கல் கேட்டார்கள். நிலம் இல்லை என்றாள். என்ன பயிர் என்றார்கள். கணினி என்றாள். தண்ணீர் பாய்ச்சுவதுண்டா என்றார்கள். தண்ணீர் பட்டாலே கெட்டுப்போகும் என்றாள். 'பயிர்: கணினி. மானாவாரி. ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கட்டுமானச் சாளரத்துக்கு அனுப்பினார்கள்.

கட்டுமானச் சாளரத்தில் ஆய்வாளர் செண்பகராஜ் இருந்தார். அவர் யாரிடமும் ஒரு காப்பி கூட வாங்கிக் குடிக்காதவர். விதிப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் நம்பாதவர். அவர் மட்டும் காப்பி குடிக்கிறவராக இருந்தால் எல்லோர் காரியமும் ஒரே நாளில் முடிந்துவிடுமே என்று ஊரில் பலருக்கு வருத்தம் இருந்தது.

"எத்தன மாடி?" என்றார்.

"மாடி இல்ல சார். இது கம்ப்யூட்டர்."

"கட்டுமானம்னு முத்திரை விழுந்திருக்கு. கட்டுமானம்னா எத்தன மாடின்னு விதி கேக்குது. நானா கேக்கேன்?"

இந்துஜா அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினாள். "இந்தப் பக்கம் மதர்போர்டு, அந்தப் பக்கம் கிராபிக்ஸ் கார்டு. ரெண்டும் முதுகோட முதுகு ஒட்டி நிக்கும் சார்."

"ஒட்டு வீடு. நடுவுல பொதுச்சுவர் உண்டா?"

"ஒரு தகடு உண்டு."

"பொதுச்சுவர்னு எழுதிக்கிடுதேன். மதர்போர்டுங்கியே, அதென்ன?"

"அது மேலதான் சார் எல்லாத்தையும் மாட்டணும்."

"அப்போ மனை தாயார் பேர்ல இருக்கு. தாயார நேர்ல வந்து சம்மதம் குடுக்கச் சொல்லு."

மறுநாள் வெயிலுகந்தம்மாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். "உங்களுக்கு மனப்பூர்வமான சம்மதந்தானா?" என்றார் செண்பகராஜ்.

"எதுக்கு?"

"மதர்போர்டுக்கு."

"எம் மக எதப் போட்டாலும் எனக்குச் சம்மதந்தான் சார். நல்லா உறைக்கிற மாதிரி எழுதிக்கிடுங்க" என்று கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். விதிப்படி கட்டுமானத்தின் நாலு பக்கமும் திறந்தவெளி விட வேண்டும். இந்துஜாவின் பெட்டிக்குள் விரல் நுழைகிற இடம்கூட இல்லை. "காத்து எப்படிப் போகும்? வெளிச்சம் எப்படி வரும்?" என்று கேட்டார் செண்பகராஜ். கேள்வியில் அக்கறை இருந்ததால் இந்துஜாவுக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்குப் போய், பெரிய கேபினெட்டாகப் பார்த்துப் பாகங்களை மாற்றி, வரைபடம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மழைநீர் சேகரிப்பு எங்கன?" என்றார்.

அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். தண்ணீர்க் குழாய் வைத்துச் சூட்டை இழுக்கிற கூலர் ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. அதையும் வரைந்து சேர்த்தாள். பெட்டி இன்னும் பெரிதானது. தண்ணீர் ஓடுகிறதென்றால் கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டார். ஆயுள் முழுக்க அதே தண்ணீர்தான் சுற்றிக்கொண்டிருக்கும் என்றாள். அப்படியானால் மறுசுழற்சி என்று குறித்துக்கொண்டு, தன் பணிக்காலத்தில் இவ்வளவு பொறுப்பான கட்டுமானத்தைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார்.

பாராட்டோடு அந்த வரைபடம் திட்டச் சாளரத்துக்குப் போனது. அங்கே கண்காணிப்பாளர் சாமித்துரை அதை விரித்துப் பார்த்தார். கணினி இப்போது ஒரு குளிர்சாதனப் பெட்டியின் உயரத்தில் இருந்தது.

"ஏம்மா, இது மகளிர் சிறு தன்முயற்சித் திட்டம். சிறுசா இருக்கணும்லா?"

"சிறுசாத்தான் சார் கொண்டுவந்தேன். அந்தச் சாளரத்துலதான் பெருசாக்கச் சொன்னாங்க."

"அவரு சொன்னது விதிப்படி சரி. நான் சொல்லுதது திட்டப்படி சரி. ரெண்டும் சரியா இருக்கதனால இது தப்பு."

சாமித்துரை நல்ல மனுஷர். இரண்டு சாளரங்களுக்கும் நடுவில் ஒரு தூண்தான் இருந்தது. அவர் கொஞ்சம் எக்கிக் கூப்பிட்டால் செண்பகராஜுக்குக் கேட்கும். ஆனால் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குக் கடிதம் தபாலில்தான் போக வேண்டும். தபால் தூத்துக்குடிக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆனி போய் ஆடியும் பாதி போனது. இந்துஜா சிறிதாக்கிக் கொண்டுபோனால் அந்தப் பக்கம் நின்றது. பெரிதாக்கிக் கொண்டுபோனால் இந்தப் பக்கம் நின்றது.

கடற்கரை அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். "நான் அவசரப்படுத்தலம்மா. திருப்பூர்க்காரன் ஒருத்தன் செஞ்சு தாரேங்கான். நீ முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா அவன்ட்ட குடுத்துருதேன்."

"முடியும் அண்ணாச்சி" என்று இந்துஜா சொன்னாள். போனை வைத்த பிறகு, முடியாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் தன் ஸ்கூட்டரை விற்றாள். முதலில் தேர்ந்தெடுத்த பாகங்களையே மதுரையில் போய் வாங்கினாள்.

பூட்டும் அன்றைக்கு வீட்டில் ஃபேனை நிறுத்தச் சொன்னாள். ஆடிக் காற்றில் கரிசல் தூசி ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஃபேன் அதை வாரி மதர்போர்டில் இறைத்தது. வெயிலுகந்தம்மாள் வேர்த்து ஊற்ற ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி, அதுக்கு மூணு ஃபேன் வச்சிருக்க. பெத்தவளுக்கு ஒரு ஃபேன் கிடையாதா?" என்றாள்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு மூடி மூடவில்லை. கூலர் ஒரு நூல் உயரமாக இருந்தது. அட்டையில் அளந்தபோது கூலரின் தலையில் இருந்த ஃபேனை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அழுகை வந்தது. அழுதால் உள்ளே சொட்டும் என்று தள்ளிப்போய் அழுதாள். பிறகு வந்து அந்த ஃபேனைக் கழற்றிவிட்டு, பாதி தடிமன் உள்ள ஒன்றை உள்ளூர்க் கடையில் தேடி வாங்கி மாட்டினாள். மூடி மூடியது. சுவிட்சைப் போட்டாள். பொம்மையின் கவுன், பத்து சுருக்கம் வைத்த பிறகும், அணையாமல் ஆடியது.

இந்த இடத்தில் பேசாமல் இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் இந்துஜா நேர்மையான பெண். அனுமதி மையத்துக்குப் போய், "நான் சொந்தமாவே கட்டிட்டேன் சார். என் விண்ணப்பத்த ரத்து பண்ணிருங்க" என்று சொன்னாள்.

செண்பகராஜ் முகம் வாடிவிட்டது. "அனுமதி வருததுக்கு முன்னாலயே கட்டிட்டியா?" என்றார். சொந்தத் தங்கச்சி வீட்டை விட்டு ஓடிப்போன மாதிரி இருந்தது அவர் கேட்டது.

மறுநாள் ஜீப் வந்தது. செண்பகராஜ் இறங்கி வந்து, இந்துஜாவின் மேஜையிலிருந்த கணினியை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்தார். 'அனுமதியற்ற கட்டுமானம். உரிய காலத்துக்குள் இடித்து அகற்றுக' என்ற நோட்டீஸை எடுத்தார். "முகப்பு எது?" என்றார்.

"எல்லாப் பக்கமும் காத்துப் போற ஓட்டை சார். ஒட்ட இடம் இல்ல."

"நோட்டீஸ் பார்வையில படணும்மா" என்று, கிராபிக்ஸ் கார்டு மூச்சு விடுகிற பக்கத்தில், மூலை மடங்காமல் நன்றாகப் பசை தடவி ஒட்டினார். அடுத்த கால் மணி நேரத்தில் கணினி சூடேறி அணைந்தது. வியாபாரி வர இரண்டே நாள் இருந்தது.

இந்துஜா ஜீப்புக்குப் பின்னாலேயே அலுவலகத்துக்கு ஓடினாள். "நோட்டீஸ எடுத்து வேற பக்கம் ஒட்டிக்கிடலாமா சார்?"

"நோட்டீஸத் தொட்டா குத்தம்."

"நோட்டீஸ் ஒட்டுன தகட்ட அப்படியே கழட்டி வச்சிக்கிடலாமா?"

செண்பகராஜ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ரொம்ப நேரம் படித்தார். "சுவரைக் கழட்டுதது இடிப்பு. இடிக்கத்தான நோட்டீஸ் குடுத்திருக்கு. தாராளமா இடி" என்றார். பதிவேட்டில், 'பகுதி இடிப்பு நிறைவேற்றப்பட்டது' என்று எழுதிக்கொண்டார். எழுதும்போது அவருக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்ததாகத் தெரிந்தது.

தகடு போனதும் கணினி முன்னைவிடக் குளிர்ச்சியாக ஓடியது. ஒரு பக்கம் சுவர் இல்லாத அந்தப் பெட்டியை அம்மாவின் பழைய நூல் சேலையில் சுற்றி, கட்டைப்பையில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு புதியம்புத்தூர் போய்ச் சேர்ந்தாள். டிவியில் கவுன்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தன. பம்பாய் வியாபாரி கவுன்களைப் பார்த்து முடித்துவிட்டு, "இந்தப் பெட்டி ஏன் ஒரு பக்கம் திறந்திருக்கு?" என்று கேட்டார். "அரசாங்க உத்தரவு" என்றாள் இந்துஜா. அவர் மரியாதையோடு தலையாட்டினார். ஆர்டர் அவளுக்கே கிடைத்தது.

மீதிப் பெட்டியையும் இடிக்க வேண்டிய நாள் வந்தபோது, சாமித்துரை அவளைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். "வரன்முறைப்படுத்தச் சொல்லி எழுதிக் குடும்மா. கட்டுததுக்கு முன்னால வாறவங்களுக்குத்தான் விதி. கட்டுனதுக்குப் பொறவு வாறவங்களுக்கு மனிதாபிமானம்."

எழுதிக் கொடுத்தாள். ஒரே வாரத்தில் சான்றிதழ் வந்தது. அதில் கணினிக்குக் கதவு எண் போட்டிருந்தார்கள். கட்டுமான வகை: கணினி. பட்டா: பொருந்தாது. நீர்நிலை ஆக்கிரமிப்பு: பொருந்தாது. பொதுப்பாதை ஆக்கிரமிப்பு: பொருந்தாது.

அந்தச் சான்றிதழை அந்தத் தெருவில் முதலில் முழுசாகப் படித்தவர் எதிர்வீட்டு ஜெயபாண்டி. அவர் ஓடைப் புறம்போக்கில் மாடி வீடு கட்டிவிட்டு, ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்கிறவர். சான்றிதழை இரண்டு தடவை படித்தார். மறுநாள், தன் வீட்டைக் கணினி என்று குறிப்பிட்டு, வரன்முறைப்படுத்தக் கோரி விண்ணப்பித்தார்.

செண்பகராஜ் நேரில் வந்து விதிப்படி விசாரித்தார்.

"மின் இணைப்பு?"

"இருக்கு சார்."

"ஃபேன்?"

"ரூமுக்கு ஒண்ணு ஓடுது."

"விண்டோஸ்?"

"கீழ நாலு, மேல ரெண்டு."

"மெமரி?"

ஜெயபாண்டி சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். "எங்க ஐயா ஞாபகமா வச்சிருக்கேன் சார்."

ஆய்வாளரால் மறுக்க முடியவில்லை. விதி கேட்டதெல்லாம் இருந்தது. ஜெயபாண்டியின் மாடிக் கணினிக்குக் கதவு எண் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஊர் தாங்கவில்லை. ஊருணிக் கரையில் இருந்த கணினிகள், ரோட்டை மறித்துப் படி இறக்கிய கணினிகள், தீப்பெட்டி முதலாளிகளின் குடோன் கணினிகள் எல்லாம் வரிசையில் நின்றன. தூய தமிழில் விண்ணப்பம் எழுதித் தர ஆள் வேண்டியிருந்தது. இந்துஜாவுக்கு அந்த மொழி இப்போது நன்றாக வந்தது. மத்தியானம் வரை விண்ணப்பங்கள், அதற்கு மேல் கவுன்கள் என்று வைத்துக்கொண்டாள். "நம்ம அடுப்படி சந்துக்குள்ள ஒரு முழம் நீட்டிருக்குல்லாட்டி" என்று வெயிலுகந்தம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள். இந்துஜா கொஞ்சம் தயங்கிவிட்டு, 'கூடுதல் நினைவகம்' என்று எழுதிக் கொடுத்தாள்.

ஒருநாள் சாயங்காலம் செண்பகராஜே வந்தார். ஜீப் இல்லை. "எங்க மாமனார் காலத்து வீடும்மா. கண்மாய்க் கரைன்னு சொல்லுதாங்க. எனக்குத் தெரியல. விண்டோஸ் எல்லாம் இருக்கு" என்றார். அம்மா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தார்.

ஆண்டு முடிவில், மக்கள் தொகையைவிடக் கணினிகள் வேகமாகப் பெருகும் ஒரே வட்டாரம் என்று அனுமதி மையத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். சாமித்துரை அதை வாங்கிக்கொண்டு, கரிசல் சீமையின் ஒவ்வொரு ஏழைக் குடும்பமும் இன்று கணினிக்குள்ளேயே குடியிருக்கிறது என்று பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. தட்டியவர்கள் எல்லோரும் கணினிச் சொந்தக்காரர்கள்.

அந்த வாரம் கடம்பூரிலிருந்து விஜி என்று ஒரு பெண், கையில் ஒரு போளிப் பொட்டலத்தோடு இந்துஜாவைத் தேடி வந்தாள். கல்யாண ஆல்பம் செய்கிறவள். அவளுக்கும் ஒரு சின்னக் கணினி பூட்ட வேண்டும். இருவரும் உட்கார்ந்து கேபினெட், கார்டு, கூலர் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிவு செய்தார்கள். கூலரை அளக்கும்போது ஃபேனையும் சேர்த்து அளக்கச் சொன்னாள் இந்துஜா. பிறகு அனுமதி மையத்துக்கான விண்ணப்பத் தாளை எடுத்து நீட்டினாள்.

"கம்ப்யூட்டர்னுதானக்கா போடணும்?" என்றாள் விஜி.

"கம்ப்யூட்டர்னு போடாத. அந்த வரிசையில ஊரே நிக்கி. வீடுன்னு போடு. வீட்டுக்கு இப்போ யாரும் எழுதிக் குடுக்குததில்ல. சீக்கிரம் கிடைச்சிரும்."

"வீடுன்னு போட்டா பொய்யாயிராதாக்கா?"

இந்துஜா போளியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "இந்த ஊர்ல உண்மையச் சொல்லி எழுதிக் குடுத்தது நான் ஒருத்திதான். என்னைய மட்டுந்தான் இடிக்க வந்தாக."

விஜி பேனாவை வாங்கி, 'வீடு' என்று எழுதினாள். கையெழுத்து அழகாக இருந்தது.